அவர்கள் லண்டன் அழகிகள் அல்ல

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அழகிப் போட்டிகளின் கதை என்று இரண்டு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். தங்கை மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தான். கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் போட்டிருந்த கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கீழே, "1930-களின் லண்டன் அழகிகள்" என்று ஒரு வரி. எனக்கு எங்கேயோ இடித்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினேன். வரிசையாகப் பெண்கள், தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே ஆளுக்கொரு பட்டை. பட்டைகளில் இருப்பவை ஊர்ப் பெயர்கள். ஓல்டாம், நெல்சன், டார்வென், ராச்டேல் என்று எழுத்துக் கூட்டிப் படிக்க முடிகிறது. எல்லாம் இங்கிலாந்தின் வடக்கே, அன்றைய லங்காஷயரில் இருந்த மில் ஊர்கள். லண்டனிலிருந்து இருநூறு மைல். அந்தப் பெண்கள் 'பருத்தி ராணி' போட்டிக்கு வந்தவர்கள். படத்தில் இருப்பது மில் வேலைக்காரப் பெண்கள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். 1974-ல் செவிலியராக இந்த நாட்டுக்கு வந்தேன். வேலை கிடைத்தது அதே லங்காஷயரில் பர்ன்லி என்ற ஊரில். ரயிலை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்டவை புகைபோக்கிகள்தான். எண்ண ஆரம்பித்து இருபதோடு விட்டுவிட்டேன். முதல் உலகப் போருக்கு முன்னால் இந்த ஒரே ஊரில் ஏறத்தாழ ஒரு லட்சம் விசைத்தறிகள் ஓடியிருக்கின்றன. நான் வந்தபோது பெரும்பாலானவை பழைய இரும்புக்குப் போய்விட்டன. 1959-ல் அரசே சட்டம் போட்டு, உடைக்கிற தறிக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்ததாம். தறி போய்விட்டது, தறியில் நின்ற பெண்கள் மட்டும் மிச்சம். அவர்கள் ஒவ்வொருவராக எங்கள் முதியோர் வார்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த வார்டில் ரகசியம் பேச முடியாது. தறிக்கூடத்து இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் வாயைப் பெரிதாக அசைத்து, சத்தமே இல்லாமல் பேசிப் பழகியவர்கள் இவர்கள். இங்கத்திய பேச்சில் அதற்கு 'மீ-மா' என்று பெயர். டாக்டரும் நானும் வாசலில் நின்று முணுமுணுப்பதை, கோடிக் கட்டிலில் படுத்திருக்கும் அம்மா உதடு பார்த்தே படித்து, எதிர்க் கட்டிலுக்கு ஒலிபரப்பி விடுவார். யாரை எப்போது வீட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்பது வார்டு முழுவதும் தெரிந்த பிறகுதான் சம்பந்தப்பட்டவரிடம் நாங்கள் சொல்வோம்.

அப்படி 1981-ல் இடுப்பெலும்பு முறிந்து வந்தவர் ஒரு அம்மா. அறுபத்தெட்டு வயது. பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். அவருடைய கைப்பையில், ஓய்வூதியப் புத்தகத்துக்குள், நான்காக மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்று இருந்தது. மடிப்புகளில் கிழிந்து, உள்பக்கம் ஒட்டுத்தாள் போட்டிருந்தார். மில் வாசலில் ஆறு பெண்கள் நிற்கும் படம். இடமிருந்து மூன்றாவது அவர். பதினெட்டு வயது. 1931-ம் ஆண்டு பருத்தி ராணி போட்டிக்கு அந்த மில்லில் இருந்து பேர் கொடுத்தவர்கள் அவர்கள்.

பருத்தி ராணி என்றால் என்ன என்று அவரிடம்தான் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மீதியை அப்புறம் ஊர் நூலகத்தில் படித்தேன். 1930-ல் மான்செஸ்டரில் இருந்து வந்த 'டெய்லி டிஸ்பாட்ச்' என்ற நாளிதழ் அந்தப் போட்டியைத் தொடங்கியது. பருத்தித் தொழிலில் வேலை செய்யும் பெண்ணாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியமான விதி. முதலில் ஊருக்கு ஊர் ஒரு ராணி. அப்புறம் எல்லா ஊர் ராணிகளும் பிளாக்பூல் கடற்கரை நகரத்தில் கூடி, அவர்களில் ஒருவர் பிரிட்டனின் பருத்தி ராணி. ஜெயித்தவருக்கு ஓராண்டு சுற்றுப்பயணம். கடை திறப்பது, கண்காட்சியில் நிற்பது, போகிற இடமெல்லாம் லங்காஷயர் துணியை உடுத்திக்கொண்டு லங்காஷயர் துணியைப் பற்றிப் பேசுவது. முதல் ராணி ஹைட் என்ற சின்ன ஊரைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் லாக்கெட், நெசவுக்காரப் பெண். 1939-ல் போர் வந்தது, போட்டி நின்றது.

எங்கள் வார்டு அம்மா ஊர்ச் சுற்றோடு தோற்றவர். அதைச் சொல்லும்போது அவருக்குத் துளியும் வருத்தம் இல்லை. மில்லிலேயே நெய்த துணியில் அக்கா தைத்துக் கொடுத்த கவுன், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய செருப்பு. நடனக் கூடத்தில் மேடை. புறப்படும்போது மில் மேஸ்திரி சொன்னாராம், "வாயை மூடிச் சிரி!" எனக்குப் புரியவில்லை. ஏன் என்றேன். மேல்வரிசைப் பல் செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

தறியில் குறுக்கே ஓடி நூல் போடும் கட்டைக்கு நாடா என்று பெயர், அதற்குள் இருக்கும் நூல் சுற்றிய குச்சி தார். நாடாவில் தார் தீர்ந்ததும் புதுத் தார் வைத்து, நூல் நுனியை நாடாவின் பக்கத்து ஓட்டை வழியாக வெளியே எடுக்க வேண்டும். ஊசியில் கோப்பது போலக் கோத்துக்கொண்டிருந்தால் நேரமாகும், கூலி போய்விடும். அதனால் ஓட்டையில் வாயை வைத்து ஒரே உறிஞ்சு. நூல் வந்துவிடும். நூலோடு பஞ்சுத் தூசி, எண்ணெய், அதே நாடாவில் முன்பு வாய் வைத்தவர்களின் எச்சில், எல்லாம் வரும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை. 'நாடாவுக்கு முத்தம்' என்று அதற்கு அழகான பெயர் வேறு. முன்பல் பதினெட்டு வயதிலேயே போய்விட்டது அவருக்கு. துணியின் அழகைக் காட்டப் போன பெண்ணின் பல்லை அந்தத் துணியே தின்றிருக்கிறது. மேடையில் வாயை இறுக்கி மூடிக்கொண்டே ஒரு சுற்று வந்தாராம். "நடுவர்கள் நான் கோபக்காரி என்று நினைத்திருப்பார்கள்" என்று பொக்கை வாயோடு சிரித்தார். திங்கட்கிழமை காலை பழையபடி நான்கு தறிகளுக்கு நடுவே.

பிறகு ஒருநாள் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது, சாதாரணமாக, மழை வருமா என்று கேட்கிற மாதிரி கேட்டார்: "உங்க ஆளுங்க எங்க துணியை ஏன் எரிச்சாங்க, லவ்?" இந்தப் பக்கம் எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். நம் 'கண்ணு' மாதிரி.

என்ன சொல்வது? என் தாத்தா தறிக்காரர். சீமைத் துணி எரித்த கூட்டத்தில் அவரும் ஒருவர் என்பது எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லப்படும் கதை. அவருடைய ஒரே நல்ல சட்டையையும் போட்டுவிட்டு வெறும் மேலோடு வீடு வந்தாராம், பாட்டி திட்டித் தீர்த்தாளாம். அந்தச் சட்டைத் துணியை நெய்த கை எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததில்லை. அந்தக் கை இப்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நடை பழகுகிறது. நான் எதையோ சொல்லி மழுப்பினேன்.

கட்டுரையாளருக்கு நான் சொல்ல வந்தது இதுதான். அழகிப் போட்டி என்றாலே அழகு சாதனக் கம்பெனிகள் முகப்பூச்சு விற்கப் பிடித்த வழி என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் உலக அழகிகளுக்கு அது பொருந்தலாம். இந்தச் சின்ன ஊர்களில் விற்க வந்தது முகப்பூச்சு அல்ல, துணி. 1913-ல் இங்கிருந்து கப்பலேறிய துணி ஏறக்குறைய 700 கோடி கெஜம். அதில் சுமார் 300 கோடி கெஜம் இந்தியாவுக்கு. போர் முடிந்த பிறகு அந்தச் சந்தை இறங்க ஆரம்பித்தது. பம்பாயிலும் அகமதாபாத்திலும் நம் மில்களே நெய்தன. ஜப்பான் மலிவாகக் கொண்டுவந்து குவித்தது. இறக்குமதி வரி ஏறியது. அதோடு அந்நியத் துணிப் புறக்கணிப்பு. தீயில் போட்ட சட்டைகளால் மட்டும் லங்காஷயர் சாய்ந்துவிடவில்லை, ஆனால் 1930-ல் நம் ஊர்க் கடை வாசல்களில் மறியல் நடந்த அதே வருடம் இங்கே பருத்தி ராணிக்குக் கிரீடம் வைத்தார்கள் என்பதை ஒதுக்கிவிடவும் முடியாது. ஒரே நூலின் இரண்டு முனை.

காந்தி நாலு முழத் துணிக்கு மாறியது 1921 செப்டம்பரில், மதுரையில். சரியாகப் பத்து வருடம் கழித்து, 1931 செப்டம்பர் 26 அன்று, அதே உடையில் இங்கே டார்வெனில் ஒரு மில்லின் பெண் தொழிலாளிகளுக்கு நடுவே நிற்கிறார். அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. பெண்கள் கையைத் தூக்கிக் கூச்சல் போட்டுச் சிரிக்கிறார்கள், அவரும் சிரிக்கிறார். உங்கள் அலுவலகத்திலேயே ஒரு பிரதி இருக்கும். அந்தப் படத்தையும் நீங்கள் ஞாயிறு இணைப்பில் போட்ட படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதே வயது, அதே காலத்து முடி வெட்டு. ஒன்றில் மேலங்கியோடு நிற்கிறார்கள், இன்னொன்றில் கிரீடம். இரண்டிலும் இருப்பது லங்காஷயர் மில் பெண்கள்தான்.

அதற்காகப் பருத்தி ராணியை ஒரேயடியாகப் புகழவும் எனக்கு மனமில்லை. பிளாக்பூலில் பேண்டு வாசித்த அதே காலத்தில் பர்ன்லி முதலாளிகள் நான்கு தறி பார்த்த பெண்ணை ஆறு, எட்டு பார் என்றார்கள். கூலியைக் குறைத்தார்கள். 1931-ல் கதவடைப்பு, 1932-ல் வேலைநிறுத்தம். பத்திரிகைக்கு விற்பனை, முதலாளிக்கு விளம்பரம், ராணிக்கு ஒரு வருடம் தறியிலிருந்து விடுதலை. எங்கள் வார்டு அம்மாவைக் கேட்டால் அந்தக் கடைசிப் பரிசுக்காகத்தான் எல்லோரும் பேர் கொடுத்தோம் என்பார்.

பருத்திக்கு மட்டுமல்ல, இந்தப் பகுதியில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு ராணி உண்டு. ரயில்வே ராணி 1925-லேயே வந்துவிட்டாள், ஸ்டாக்டன் டார்லிங்டன் ரயில் பாதையின் நூற்றாண்டில். ரயில்வேக்காரர்களின் பள்ளிக்கூடம் போகும் மகள்களில் ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பார்கள். 1935-ல் பிளாக்பூலின் புகழ்பெற்ற கடற்கரை விளக்குகளை ஏற்றி வைத்தது எந்த அமைச்சரும் இல்லை, அந்த ஆண்டின் ரயில்வே ராணி ஆட்ரி மாசன். பதினைந்து வயதுப் பெண். அந்தப் பட்டம் 1975 வரை இருந்தது. நிலக்கரி ராணி 1969-ல் வந்தாள். சுரங்கத்துக் கேன்டீன் பெண்கள், அலுவலகத் தட்டச்சர்கள், சுரங்கக்காரர்களின் மனைவி மகள்கள் எல்லோரும் கலந்துகொள்ளலாம். 1983-ல் முடிந்தது. மறு வருடமே பெரிய வேலைநிறுத்தம். கேன்டீன் பெண்களும் சுரங்கக்காரர் மனைவிகளும் ஊர் ஊராகக் கஞ்சித்தொட்டி நடத்தினார்கள்.

நீச்சல் உடையில் நிற்க வைக்கும் போட்டியும் வடக்கில் உண்டு, மறுக்கவில்லை. 1945 கோடையில் மோர்காம் என்ற கடலோர ஊரின் நகர மன்றமும் ஒரு ஞாயிறு செய்தித்தாளும் சேர்ந்து ஊர் நீச்சல் குளத்தில் தொடங்கியது. உல்லாசப் பயணிகளை இழுக்கத்தான். 1956-ல் அதுவே 'மிஸ் கிரேட் பிரிட்டன்' ஆயிற்று. உங்கள் கட்டுரை இந்த வகையைத்தான் மொத்தக் கதை என்று எடுத்துக்கொண்டுவிட்டது. இதைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் வரவில்லை.

எனக்குத் தெரிந்தது ரோஜா ராணி. மே மாத ராணிக்கு முடிசூட்டும் வழக்கம் இந்தப் பக்கம் பழையது. செஷயரில் நட்ஸ்ஃபோர்ட் என்ற ஊரில் 1864-லிருந்து நடக்கிறது. அதன் தங்கை மாதிரிதான் தேவாலயத்துக்குத் தேவாலயம், கிராமத்துக்குக் கிராமம் ஒரு ரோஜா ராணி. 1986-ல் எங்கள் தெருப் பெண்மணி ஒருவர் வந்து, உங்கள் மகள் இந்த வருடம் ராணியின் பின்னால் அங்கி முனை பிடித்து வருவாளா என்று கேட்டார். மகளுக்கு எட்டு வயது, குதிக்கிறாள். என் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. "அழகிப் போட்டிக்கா பிள்ளையை அனுப்புவே?" என்று அன்று இரவு எங்களுக்குள் சண்டை. காலையில் அவரே அந்த அம்மா வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். அங்கே முகம் பார்த்து எடுப்பதே இல்லையாம். ஞாயிறு வகுப்புக்கு ஒழுங்காக வருகிற பிள்ளைகளின் பெயரைச் சீட்டெழுதிக் குலுக்கிப் போடுவார்களாம். "நம்ம ஊர்க் குடவோலை மாதிரி" என்றார், ஏதோ தானே கண்டுபிடித்தது போல.

நிலக்கரி ஏற்றும் லாரியை மூன்று நாள் தேய்த்துக் கழுவி, சுருக்குத்தாளில் ரோஜா செய்து அப்பினோம். என் சமையலறை மேசையில் மட்டும் நானூறு ரோஜா. ஊர்வலத்தன்று மழை. தாள் சாயம் இறங்கி லாரியின் வெள்ளை விரிப்பு முழுக்க ரோஸ் கலர் ஓடிற்று, என் மகளின் காலுறை உட்பட. யாரும் நிறுத்தவில்லை. பக்கத்து ஊர் ராணிகள் தங்கள் கிரீடத்தோடும் அங்கியோடும் குடை பிடித்து வந்திருந்தார்கள். நம் ஊர்த் திருவிழாவுக்குப் பக்கத்து ஊர்ச் சாமி வருகிற மாதிரி, இதில் ஒரு ராணி இன்னொரு ராணி விழாவுக்குப் போகாவிட்டால் மனஸ்தாபம். இன்றைக்கும் ஆங்காங்கே நடக்கிறது, ஆனால் லாரி குறைந்துவிட்டது. சாலையை மூட அனுமதி, காப்பீடு, மேற்பார்வைக்குப் பெரியவர்கள் என்று எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும், ஆள் இல்லை.

ஒரு செவிலியராக எனக்குப் பிடித்த செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1948-ல் இலவச மருத்துவச் சேவை வருவதற்கு முன்னால், இந்த ஊர்களின் மருத்துவமனைகள் பெரும்பாலும் நன்கொடையில்தான் ஓடின. திருவிழா ஊர்வலத்தில் ராணிக்குப் பின்னால் தகர உண்டியல் குலுக்கி வந்த காசில் ஒரு பங்கு மருத்துவமனைக் கட்டிலுக்குப் போகும்.

எங்கள் வார்டு அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவர் வீட்டுக்குப் போகிற நாள் எனக்கு விடுமுறை. இருந்தாலும் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். சீருடை இல்லை, ஊரிலிருந்து என் அம்மா அனுப்பிய கைத்தறிச் சேலை. பக்கத்தில் போனதும் அவர் என்னைப் பார்க்கவில்லை, முந்தானையைப் பிடித்துக்கொண்டார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெதுவாகத் தேய்த்தார். திருப்பி உள்பக்கம் பார்த்தார். கரை ஓரத்தை நகத்தால் நெருடினார். "எண்பதாம் நம்பர் நூல். கையால் நெய்தது. விளிம்பு ரொம்பச் சுத்தம்" என்றார். அப்புறம் எதிர்க் கட்டிலைப் பார்த்து வாயைப் பெரிதாக அசைத்து ஏதோ சொன்னார். அந்தம்மாவும் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினார். என் முந்தானை கட்டில் கட்டிலாகப் போய்வந்தது. அன்றிரவே என் அம்மாவுக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். மூன்று வாரம் கழித்து பதில் வந்தது. பாவு, ஊடை, அதாவது நீள நூல், குறுக்கு நூல் இரண்டும் எண்பதுதான், உனக்கு யார் சொன்னது என்று கேட்டிருந்தாள்.

பர்ன்லியில் நீராவியில் ஓடிய கடைசி நெசவு மில் 1982-ல் மூடியது. பெயர் குயின் ஸ்ட்ரீட் மில், ராணித் தெரு மில். இப்போது அருங்காட்சியகம். பேரனைக் கூட்டிக்கொண்டு போனபோது சில தறிகளை மட்டும் ஓட்டிக் காட்டினார்கள். அதற்கே பையன் காதைப் பொத்திக்கொண்டான். நூற்றுக்கணக்கில் ஓடினால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, கட்டுரையை மாற்றச் சொல்லவில்லை. இணையப் பதிப்பிலாவது படக்குறிப்பை மட்டும் திருத்துங்கள். "லங்காஷயர் மில் ஊர்களின் பருத்தி ராணிகள், 1930-கள்" என்று போட்டால் போதும். பின்வரிசையில் வலப்பக்கம் இரண்டாவது பெண் வாயை இறுக்கி மூடியிருக்கிறாள் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பர்ன்லி, லங்காஷயர்